பாஞ்சோவை இனி சகிக்க முடியாது

வால்பராய்சோ, கொர்தியேரா குன்று
14 ஏப்ரல் 1957

அன்புள்ள எல்பா அக்கா,

உன் முகவரியை உன்னோடு பொத்தான் கடையில் வேலை பார்த்த நெல்தாதான் தந்தாள். தருவதற்குள் என்னை அழவைத்துவிட்டாள். "கொடுத்தா அவ என்னைக் கொன்னுடுவா" என்றாள். புந்தா அரேனாஸிலிருந்து கொல்ல வர எப்படியும் ஒரு வாரக் கப்பல் பயணம் ஆகும் என்று சொன்னேன். சிரித்துவிட்டுக் கொடுத்தாள்.

நீ போனதிலிருந்து வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்காருவதில்லை. அம்மா பெருக்கிய தரையையே மறுபடி பெருக்குகிறாள். அப்பா ஏற்றிச்செல்ல ஆளில்லாவிட்டாலும் படகை எடுத்துக்கொண்டு நங்கூரமிட்ட கப்பல்களைச் சுற்றிச்சுற்றி வருகிறார். நான் எங்கள் டீச்சர் எழுதச் சொன்ன 'நம் துறைமுகத்தின் வரலாறு' கட்டுரையைத் தொடங்குவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். பதினாலு வயதில் எனக்கே இப்படி என்றால் அவர்களுக்கு எப்படி இருக்கும்!

சர்க்கரை டப்பாவுக்கு அடியில் நீ வைத்துப்போன சீட்டை அப்பாதான் முதலில் பார்த்தார். 'பாஞ்சோவை இனி என்னால் சகிக்க முடியாது. போகிறேன். மன்னியுங்கள்.' அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? அப்பா நேரே பிராட் துறைக்கு இறங்கிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். படகுக்காரர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். நம் படகின் எஞ்சின்காரர் பாஞ்சோ லெய்வா அண்ணன் குனிந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணை என்னடா பண்ணினே?"

"எந்தப் பொண்ணை, கேப்டன்?"

அந்த 'எந்த'தான் அவரைக் கெடுத்தது. "ஓகோ, எனக்கு எத்தனை பொண்ணுன்னு எண்ணி வச்சிருக்கியா?" என்று கத்தி, அப்பா அவருடைய பையைத் தூக்கித் துறைக்கல்லில் எறிந்தார். பாஞ்சோ அண்ணன் ஒன்றுமே செய்யவில்லை என்று சத்தியம் செய்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனார். இப்போது எந்தப் படகிலும் அவரைச் சேர்ப்பதில்லை. எதிரில் வந்தால் நானும் உனக்காக முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அவர் என்ன செய்தார் அக்கா? சொல்ல முடியாவிட்டால் சொல்லாதே. ஆனால் அவரை விரட்டியாயிற்று, நீ திரும்பி வரலாம். அப்பா அப்படி வாயால் சொல்லவில்லை. உன் நாற்காலியை யாரும் எடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறார்.

உன்,
மிரேயா


புந்தா அரேனாஸ்
2 மே 1957

மிரேயா,

உன் கடிதத்தைக் கம்பளிக் கிடங்கில் நின்றுகொண்டே படித்தேன். முதலில் சிரித்தேன். பக்கத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவள், "என்னடி, கல்யாணச் சேதியா?" என்று கேட்டாள். பிறகு கடிதத்தை முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

அடிப் பைத்தியமே, பாஞ்சோ என்றால் ஊர்! நம் ஊர்! படகு விரிகுடாவுக்குள் திரும்பியதும் பாரோன் குன்றில் சான் பிரான்சிஸ்கோ கோவில் கோபுரத்தைக் காட்டி, "பாஞ்சோ தெரியுது, இனி வீடுதான்" என்று தினமும் சொல்கிறவர் யார்? அப்பாதானே? பிறந்ததிலிருந்து அவர் வாயால் கேட்ட பெயரைத்தான் எழுதினேன். பிரான்சிஸ்கோ என்று ஞானஸ்நானம் பெற்று, பாஞ்சோ என்று கூப்பிடப்படுகிற ஒரு மனிதன் அதே படகில் இருப்பது எழுதும்போது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அந்த ஆள் என்னிடம் பேசியதெல்லாம், "கவனம், படி வழுக்கும்" என்பது ஒன்றுதான்.

ஏன் போனேன் என்று கேட்காமலேயே கேட்டிருக்கிறாய். நம் வீட்டில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் யாரோ எங்கோ போய்க்கொண்டிருப்பது தெரியும். கீழே இறங்கினாலும் அதே, மேலே ஏறினாலும் அதே. ஊரே கூடி நின்று கைக்குட்டை ஆட்டும். நான் கடைக்குப் போய்ப் பொத்தானை நிறம் நிறமாகப் பிரிப்பேன். ஒருநாள் கறுப்பையும் கருநீலத்தையும் கலந்துவிட்டேன். முதலாளியம்மா, "உன் கண்ணு எங்கடி இருக்கு?" என்றாள். ஜன்னலுக்கு வெளியே, புறப்படும் கப்பலில் இருந்தது. அதற்கடுத்த வாரம் டிக்கெட் வாங்கினேன். அப்பாவிடம் வாயால் சொல்லியிருந்தால் அவர் பேசிப் பேசியே என்னை உட்கார வைத்திருப்பார். அதனால்தான் சீட்டு.

இதை இன்றே அப்பாவிடம் படித்துக் காட்டு. பாஞ்சோ லெய்வாவைப் படகுக்குக் கூப்பிடச் சொல். அந்த மனிதனுக்கு மனைவி இருக்கிறாள்!

உன் கட்டுரையை மட்டும் எனக்கு அனுப்பாதே. அந்த ஊரைப் பற்றிப் படிப்பதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன்?

எல்பா


வால்பராய்சோ
17 மே 1957

அன்புள்ள அக்கா,

முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 'கடலிலிருந்து வரும் மாலுமிகள் கண்ணுக்கு முதலில் படுவது சான் பிரான்சிஸ்கோ கோபுரம்; ஆகவே அந்தத் துறவியின் செல்லப் பெயரால் நம் நகரையே பாஞ்சோ என்பர்' என்று என் கட்டுரையின் முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். டீச்சர் ஓரத்தில் 'நன்று' போட்டிருக்கிறார். அதே வாரம் பாஞ்சோ அண்ணனைப் பார்த்து முகத்தையும் திருப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தை மாலைத் தேநீரின்போது படித்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க ஊரு தால்காவுல மனுஷனுக்கு மனுஷன் பேரு, ஊருக்கு ஊர் பேரு. இந்தக் கடல்காரங்களுக்குத்தான் கிறுக்கு, ஊரைத் தொட்டில்ல போட்டுக் கொஞ்சறது!"

அப்பா சிரிக்கவில்லை. ரொட்டியைப் பிய்த்தார். தின்னவில்லை.

"அவனைக் காப்பாத்தறா" என்றார்.

"இல்லப்பா, நீங்கதானே தினம் சொல்றீங்க, 'பாஞ்சோ தெரியுது'ன்னு..."

"நான் சொல்றது எனக்குத் தெரியும். அவ எழுதினது அவனை."

ஞாயிற்றுக்கிழமை படகுக்குச் சாயம் பூசப் போனபோது விடாமல் கேட்டேன். தூரிகையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு ஆளுதான் காரணம்னா, அந்த ஆளை விரட்டியாச்சு, அவ வந்துடலாம். ஊருதான் காரணம்னா நான் யாரைடி விரட்டுவேன்? சொல்லு. குன்றையா? கடலையா?"

சொல்லிவிட்டு மறுபடி தூரிகையை எடுத்தார், அக்கா. அவருக்கு உண்மை தெரியும். வேண்டாம் என்கிறார். அவ்வளவுதான்.

கார்தொனால் சந்தைக்குப் போய் பாஞ்சோ அண்ணனைத் தேடினேன். உருளைக்கிழங்கு மூட்டை சுமக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். மூட்டையை இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். "ஊரா? எங்கம்மா எனக்கு ரிகோபெர்த்தோன்னு பேர் வச்சிருந்தா இப்ப நான் படகுல இருப்பேன்!" பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மனைவி அவருக்குத் தட்டு வைக்கிறாளாம், பேசுவதில்லையாம்.

"நான் போய் அண்ணிகிட்ட சொல்றேன்" என்றேன்.

"நீ சந்தையில சொல்லி என்ன, சமையலறையில சொல்லி என்ன, பாப்பா? அவமானம் துறையில நடந்துச்சு. துறையில நின்னு, சத்தமா ஒருத்தர் சொல்லணும். உங்கப்பா சொல்லணும். இல்லேன்னா உங்கக்கா."

அப்பா சொல்லமாட்டார். ஆகவே நீ வரவேண்டும்.

உன்,
மிரேயா


புந்தா அரேனாஸ்
3 ஜூன் 1957

மிரேயா,

என்ன கேட்கிறாய் என்று தெரிந்துதான் கேட்கிறாயா? அத்தனை படகுக்காரர்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்று, 'எனக்கு உங்கள் ஊர் பிடிக்கவில்லை' என்று நான் சொல்லவேண்டும். பிறந்த குழந்தைகளைக் கடல் தண்ணீரில் கழுவுகிறோம் என்று பெருமை பேசுகிற ஆட்களிடம்! அதைவிட எனக்கு வேறொரு பயம். வந்தால் அம்மா சூப் வைப்பாள். என் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். நான் உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்தால் எழமாட்டேன்.

இங்கே நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைக்காதே. இங்கேயும் காற்று, குளிர், கப்பல். இப்போதே இன்னும் தெற்கே என்ன இருக்கிறது என்று மற்றவர்களைக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். ஆனால் இங்கே நான் நிற்பது என் காலில்.

எல்லோரும் தப்பிக்க ஒரு வழி யோசித்திருக்கிறேன். அது வேறு பாஞ்சோ என்று சொல்லிவிடு. யாரோ ஒரு மாலுமி, வந்தான், போனான். துறைமுகத்தில் பாஞ்சோக்களுக்கா பஞ்சம்? லெய்வாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். அப்பாவுக்கு அவருடைய கோபமும் நம்பிக்கையும் அப்படியே இருக்கும். பொய்தான். ஒரே ஒரு பொய்.

எல்பா


வால்பராய்சோ
12 ஜூன் 1957

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடி செய்தேன். இனி என்னைப் பொய் சொல்லச் சொல்லாதே.

"அப்பா, அது வேற பாஞ்சோவாம். கப்பல்காரனாம்."

"எந்தக் கப்பல்?"

அதை நான் யோசிக்கவில்லை. ஜன்னலில் தெரிந்த கொடியைப் பார்த்து, "நார்வே" என்றேன்.

"நார்வேக்காரனுக்கு பாஞ்சோன்னு பேரா?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அப்பா என் தலையில் கை வைத்தார். திட்டவே இல்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

என் கட்டுரை எழுதி முடிந்துவிட்டது. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இன்று வங்கிகள் நிற்கிற தெரு ஒருகாலத்தில் கடல். அஸ்திவாரம் தோண்டினால் பழைய கப்பலின் விலாக்கட்டைகள் வருமாம். ஸ்பானியர் பீரங்கியால் சுட்டார்கள். நிலநடுக்கம் வந்தது, தீ வந்தது. ஒவ்வொரு முறையும் மக்கள் திரும்பக் கட்டினார்கள் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. ஆனால் நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினால் வேறொன்றும் தெரிகிறது. கலிபோர்னியாவில் தங்கம் என்றதும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். பனாமாவில் கால்வாய் வெட்டியதும் கப்பல்களே வேறு வழி போயின, பின்னாலேயே வியாபாரிகளும் போனார்கள். யாரும் அவர்களைத் துரோகி என்று எழுதவில்லை. 'நம் நகரின் வரலாறு, இங்கிருந்து போனவர்களின் வரலாறும்தான்' என்று முடித்தேன். டீச்சர் இந்த முறை 'நன்று' போடவில்லை. கேள்விக்குறி போட்டார்.

நேற்று பாஞ்சோ அண்ணன் சந்தையில் சொன்னார்: "சான் அந்தோனியோ துறைமுகத்துல ஆள் எடுக்கறாங்களாம், பாப்பா. இந்த மாசம் பார்ப்பேன். அப்புறம் போயிடுவேன்." போக விரும்பாத ஒரு மனிதரை நாம் அனுப்பப்போகிறோம், அக்கா.

உன்,
மிரேயா


வால்பராய்சோ
9 ஜூலை 1957
(எல்பா அராவேனா, கப்பல் பயணி, கோகிம்போ துறைமுக அலுவலகம்)

அக்கா,

இது உன் கையில் சேருமா என்று தெரியாது. உன் கப்பல் இங்கே திரும்பாது, சரக்கோடு வடக்கே உள்ள கோகிம்போவுக்கே போய்விட்டது என்று துறைமுக அலுவலகத்தில் சொன்னார்கள்.

உன் கப்பல் வந்து நின்றதை நான் பார்த்தேன். நீ வருவதாகத் தந்தி அடித்ததை அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள். காலையில் அவர் சவரம் செய்துகொண்டார், அக்கா, வேலை நாளில்!

பிறகு, யாரும் இறங்குவதற்குள் வடகாற்று வந்தது. நம் விரிகுடா வடக்கே வாயைத் திறந்துகொண்டு கிடப்பது உனக்குத் தெரியாததா? காற்று திரும்பியதும் கப்பல்கள் ஒவ்வொன்றாக நங்கூரத்தைத் தூக்கி நடுக்கடலுக்குத் தப்பி ஓடின. அலை கரைச்சுவரைத் தாண்டி ரயில் பாதையில் விழுந்தது. அதிகாரிகள் துறையை மூடிவிட்டார்கள். அப்பா மழையங்கியோடு படகுக் கயிற்றை அவிழ்க்கப் போனார். காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"விடுங்கடா! அந்தக் கப்பல்ல என் பொண்ணு இருக்கா!"

"கடல்ல பத்திரமா இருப்பா, கேப்டன். இங்கதான் ஆபத்து" என்றார் பக்கத்துப் படகுக்காரர் ஒரோசிம்போ.

உன் கப்பலின் புகை கண்ணுக்கு மறைகிறவரைக்கும் அப்பா அங்கேயே நின்றார். வீட்டுக்கு வந்தும் உட்காரவில்லை.

மிரேயா


கோகிம்போ
13 ஜூலை 1957

மிரேயா,

உன் கடிதம் கிடைத்தது. துறைமுக எழுத்தர், "யாரும்மா எல்பா அராவேனா? உங்க தங்கச்சி உறை மேல ஒரு கதையே எழுதியிருக்கா" என்று கொடுத்தார்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கப்பல் தளத்தில் பெட்டியோடு நின்றேன். நம் குன்று தெரிந்தது. வீட்டுத் தகரக் கூரை தெரிந்தது. என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். அப்போது நங்கூரச் சங்கிலி மேலே வரும் சத்தம் கேட்டது. பக்கத்திலிருந்த பெண்கள் ஜெபித்தார்கள், வாந்தி எடுத்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. ஊர் சின்னதாகச் சின்னதாக, எனக்குப் பசிகூட எடுத்தது. ரொட்டி தின்றேன்.

இங்கே இறங்கியதும் ஒரு யோசனை. இப்படியே வடக்கே போய்விட்டால் என்ன? யாரும் குறை சொல்ல முடியாது. வரத்தான் வந்தாள், காற்று விடவில்லை என்பார்கள். அன்று முழுவதும் அதே யோசனையோடு கடற்கரையில் மேலும் கீழும் நடந்தேன். டிக்கெட் விலைகூட விசாரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: முதலில் ஒரு மனிதன் மேல் பழி விழுந்தது, இப்போது காற்றின் மேல். நான் போனேன், எனக்காகப் போனேன் என்று யாரிடமும் நான் இதுவரை வாயால் சொன்னதே இல்லை.

வியாழக்கிழமைப் பேருந்தில் வருகிறேன். வீட்டுக்கு வரமாட்டேன், துறைக்கு வருவேன். பாஞ்சோ லெய்வா அங்கே இருக்கவேண்டும். அம்மாவைச் சூப் வைக்கவேண்டாம் என்று சொல்.

எல்பா


வால்பராய்சோ
4 ஆகஸ்ட் 1957

அன்புள்ள அக்கா,

நீ பத்திரமாகப் புந்தா அரேனாஸ் போய்ச் சேர்ந்த தந்தி வந்தது. நீ இருந்த ஒரு மணி நேரத்தில் உன்னோடு பேச எனக்கு இடமே கிடைக்கவில்லை. அம்மா சூப்பைத் துறைக்கே தூக்கிக்கொண்டு வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நின்றுகொண்டே குடித்தாயே, அதை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறாள்: "குதிரை மாதிரி நின்னுக்கிட்டே குடிச்சா!"

நீ, "நான்தான் அந்தச் சீட்டை எழுதினேன்" என்று தொடங்கியதும் அப்பா கையைத் தூக்கி நிறுத்தியது உன்மேல் கோபத்தால் என்று அப்போது பயந்தேன். அவர் சொன்னதை உன்னைப் போலவே நானும் மறக்கமாட்டேன். "எல்லாரும் கேட்டுக்கோங்க. பாஞ்சோ லெய்வா ஒண்ணும் பண்ணல. பண்ணலேன்னு எனக்கு மே மாசமே தெரியும். எம்பொண்ணுக்கு இந்த ஊர் பிடிக்கல. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' சொல்லும்போது அவர் குரல் உடைந்ததை நல்லவேளையாக ஒரோசிம்போ மூடிவிட்டார். "ஊர் பிடிக்கலேன்னா? எனக்கு அம்பது வருஷமா பிடிக்கல, நான் யார்கிட்டேயாவது சொன்னேனா?" எல்லோரும் சிரித்தார்கள். பாஞ்சோ அண்ணன் சிரிக்கவில்லை. மூட்டை சுமக்கத் திரும்பிப் போய்விட்டார். அதுவரைக்கும்தான் நீ பார்த்தாய்.

மறுநாள் அப்பா அவர் வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார், ஏன் என்று சொல்லவில்லை. பாஞ்சோ அண்ணன் கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை.

"நாளைக்கு வந்துடு" என்றார் அப்பா.

"வரேன். ஆனா என் பையை நீங்க துறையில எறிஞ்சீங்க, கேப்டன். எல்லாரும் பார்த்தாங்க."

"சரி."

"நீங்களே தூக்கிட்டு வாங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "ஈரத் துணியையும் உள்ள போட்டு வை, கனமா இருக்கட்டும்!" என்றாள். மார்ச்சிலிருந்து அவள் அவரோடு பேசிய முதல் பேச்சு அதுதானாம்.

அப்பா தூக்கினார். குன்றின் படிகளில் இறங்கி, சந்தைத் தெருவைச் சுற்றி, துறை முழுவதும் தூக்கிக்கொண்டு நடந்தார். யாரும் கிண்டல் செய்யவில்லை.

நேற்று ஒரு கிரேக்கக் கப்பலுக்குச் சமையல்காரனை ஏற்றிவிடப் போனோம். திரும்பும்போது கடல் குமுறிக்கொண்டிருந்தது. அப்பா சுக்கானைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"நீயும் போவியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம் அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. கிரேக்கக் கப்பல் எங்களுக்குப் பின்னால் புகைவிட ஆரம்பித்திருந்தது. அது எங்கே போகிறது என்று ஏறும்போதே சமையல்காரனிடம் கேட்டு வைத்திருந்தேன்.

"தெரியலப்பா" என்றேன்.

அவர் சுக்கானைத் திருப்பி ஒரு அலையை விலக்கினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போறதா இருந்தா எங்கிட்ட வாயால சொல்லு. நானே கப்பல் வரைக்கும் கொண்டுவந்து ஏத்திவிடறேன். பெட்டியைப் பாஞ்சோ தூக்குவான்."

"நான் மாட்டேன்" என்றார் எஞ்சின் பக்கமிருந்து பாஞ்சோ அண்ணன். "ஒண்ணு போனதுக்கே நான் பட்டது போதும்."

அப்பா சிரித்தார், அக்கா. சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். உப்புத் தண்ணீர் தெறித்தது என்றார். ஆனால் காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது.

உன்,
மிரேயா